உடைந்த திரையை மாற்றக் கொடுக்கும் முன்

திரை உடைந்த கைப்பேசியை மேசைமேல் வைத்தவுடன் பெரும்பாலான பழுதுபார்க்கும் கடைகளில் எழும் முதல் கேள்வி, "ஒரிஜினல் போடவா, காப்பி போடவா?" என்பதுதான். இரண்டுக்கும் இடையே சில ஆயிரம் ரூபாய் வேறுபாடு இருப்பதால் முடிவெடுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்துவிடுகிறது. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்கும் கடைக்காரர் கொள்ளும் பொருளும் நாம் கொள்ளும் பொருளும் வெவ்வேறு என்பது, திரை ஒட்டப்பட்டு, பணம் கொடுக்கப்பட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழிந்த பிறகே தெரியவருகிறது. திரை மாற்றத்தில் நேரும் தொல்லைகளில் பல, பழுதுபார்ப்பவரின் கைத்திறன் குறைவால் வருவன அல்ல. எந்தப் பாகம், எந்த நிபந்தனையில், எவற்றைச் சோதித்த பிறகு என்பதை முன்கூட்டியே பேசி முடிக்காததால் வருவன. அப்படிப் பேசுவதற்கு வேண்டிய விவரங்களைத் தருவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அதற்கும் முன்பாக, பணம் செலவழிக்கத்தான் வேண்டுமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசி கீழே விழாமலேயே திரையில் பச்சைக் கோடோ இளஞ்சிவப்புக் கோடோ தோன்றியிருந்தால் அது அமோலெட் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) திரைகளில் பலர் சந்தித்த குறைபாடு. ஒன்பிளஸும் சாம்சங்கும் இந்தியாவில் சில மாடல்களுக்கு இக்குறைபாட்டுக்காகத் திரையை இலவசமாக மாற்றித் தந்திருக்கின்றன. கைப்பேசி வாங்கிய நாளில் திரைப் பாதுகாப்புத் திட்டம் ஏதேனும் சேர்த்து வாங்கியிருந்தால் அதன் காலக்கெடுவையும் பாருங்கள். வெளிக்கடையில் ஒருமுறை திறந்துவிட்ட கைப்பேசியை எடுத்துக்கொண்டு இந்த இரண்டில் எதைக் கேட்டாலும் மறுக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்பதால், இந்த விசாரணையை முதலிலேயே முடித்துவிட வேண்டும்.

'ஒரிஜினல்' என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கின்றன

இன்றைய கைப்பேசித் திரையில் மேலே கண்ணாடி, அதற்கடியில் தொடுதலை உணரும் அடுக்கு, அதற்கும் கீழே ஒளியைத் தரும் எல்சிடி அல்லது அமோலெட் அடுக்கு ஆகியவை ஒளி ஊடுருவும் பசையால் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. இந்த முழுத் தொகுப்பைத்தான் கடைகளில் 'காம்போ' என்றும் 'ஃபோல்டர்' என்றும் சொல்கிறார்கள். ஒரே மாடலுக்கான காம்போ, சென்னை ரிட்சி தெரு போன்ற உதிரிபாகச் சந்தைகளில் ஐந்தாறு தரங்களில் கிடைக்கிறது. அவற்றில் இரண்டு மூன்று தரங்களுக்கு 'ஒரிஜினல்' என்ற பெயர் பொதுவாக வழங்குகிறது என்பதுதான் குழப்பத்தின் வேர்.

கைப்பேசி நிறுவனமே தன் சேவை மையங்களுக்கு அனுப்பும் புதிய பாகம் முதல் வகை. சாம்சங்கில் இதற்குச் 'சர்வீஸ் பேக்' என்று பெயர். பல மாடல்களில் இது சட்டகத்தோடு சேர்ந்தே வரும். வேறொரு கைப்பேசியிலிருந்து கழற்றி எடுத்த பழைய திரை இரண்டாம் வகை. பாகம் அசல்தான் என்றாலும், அது எத்தனை ஆண்டு ஒளிர்ந்தது, எங்கே நிழல் படிந்திருக்கிறது என்பதை விற்பவர் சொல்லமாட்டார். உடைந்த அசல் திரையின் மேற்கண்ணாடியைப் பிரித்துவிட்டுப் புதிய கண்ணாடி ஒட்டியது மூன்றாம் வகை. இந்த மூன்றையுமே ஒரு கடைக்காரர் பொய் சொல்லாமல் 'ஒரிஜினல்' என்று சொல்லிவிட முடியும். ஆகவே, "ஒரிஜினலா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "பெட்டியோடு வரும் புதிய சர்வீஸ் பேக்கா, கழற்றியதா, கண்ணாடி மாற்றியதா?" என்று கேளுங்கள். கேள்வி இந்த அளவுக்குக் குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும்.

காப்பி வகைகளுக்குள்ளும் ஏணிப்படிகள் உண்டு. அமோலெட் திரையோடு வந்த கைப்பேசிக்கு 'இன்செல்' அல்லது 'டிஎஃப்டி' என்று சொல்லி எல்சிடி திரையைப் போடுவது மிக மலிவான வழி. அமோலெட்டையே பயன்படுத்தும் காப்பிகளில் வளையும் தளத்தில் செய்தது 'சாஃப்ட்' என்றும் கண்ணாடித் தளத்தில் செய்தது 'ஹார்ட்' என்றும் சொல்லப்படும். எல்சிடி போடுவதால் நிறம் சற்று மங்கும் என்பதோடு கதை முடிவதில்லை. அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்புப் பகுதிக்கு மின்சாரமே தேவைப்படுவதில்லை. எல்சிடிக்குப் பின்புற விளக்கு எப்போதும் எரியவேண்டும் என்பதால் கறுப்பு சாம்பலாகத் தெரிவதோடு பேட்டரியும் விரைவில் தீர்கிறது. பின்விளக்கு அடுக்கு இருப்பதால் திரையின் தடிமன் கூடி, சட்டகத்தின் விளிம்புக்கு மேலே மயிரிழை அளவு துருத்தி நிற்கும். அடுத்த முறை கீழே விழும்போது அடியை முதலில் வாங்குவது அந்த விளிம்புதான். நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையின் இடத்தில் 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் காப்பி வந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பலருக்கு அதிர்ச்சி தருவது கைரேகை உணரி செயலிழப்பதுதான். திரைக்கு அடியில் கைரேகை பார்க்கும் கைப்பேசிகளில் ஒளிவழி உணரி, அமோலெட் அடுக்கின் ஊடாகவே விரலைப் பார்க்கிறது. எல்சிடி காப்பியின் பின்விளக்கு அடுக்கு அந்தப் பார்வையை மறைத்துவிடுவதால் உணரி பழுதாகாமலேயே குருடாகிவிடுகிறது. சாம்சங்கின் எஸ்10 முதல் உயர்விலை மாடல்களில் இடம்பெற்ற ஒலியலைவழி உணரி, திரையின் அடிப்பக்கத்திலேயே ஒட்டப்பட்டிருப்பதால், திரை மாறினால் அதை மறுபடி அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். உங்கள் கைப்பேசியில் கைரேகை உணரி திரைக்கு அடியில் இருக்கிறது என்றால், "இந்தத் திரை போட்ட பிறகு கைரேகை வேலை செய்யுமா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற பதில் கிடைக்கும்வரை கைப்பேசியைக் கொடுக்கவேண்டாம்.

கண்ணாடியை மட்டும் மாற்றுவது

படம் தெளிவாகத் தெரிகிறது, தொடுதலும் வேலை செய்கிறது, மேற்கண்ணாடி மட்டும் விரிசல் விட்டிருக்கிறது என்றால், கண்ணாடியை மட்டும் மாற்றித் தருவதாகச் சில கடைகள் சொல்லும். கட்டணமும் முழுக் காம்போவைவிடக் குறைவு. அசல் அமோலெட் அடுக்கும் நம்மிடமே தங்கும். கேட்பதற்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை என்றே தோன்றும். நன்றாக அமைந்தால் உண்மையும் அதுதான். ஆனால் செய்முறையைப் பாருங்கள்: திரையைச் சூடான தகட்டின்மேல் வைத்து ஏறத்தாழ 80 டிகிரிக்குச் சூடாக்கி, மயிரிழை போன்ற கம்பியைக் கண்ணாடிக்கும் அமோலெட்டுக்கும் இடையே செலுத்தி அறுத்துப் பிரிக்கவேண்டும், எஞ்சிய பசையை வழித்தெடுத்து, புதிய பசைத்தாளை இட்டு, காற்றில்லாத அறையில் வைத்து அழுத்தி, கடைசியில் குமிழிகளை அகற்றவேண்டும். கம்பி ஓரிடத்தில் ஆழமாகச் சென்றாலும் கோடு விழும். ஓரம் வளைந்த திரையென்றால் அந்த வளைவிலேயே பெரும்பாலான தோல்விகள் நிகழ்கின்றன. முயற்சி தோற்றால், விரிசலோடு ஓடிக்கொண்டிருந்த திரையும் போய், முழுக் காம்போவின் விலையைக் கொடுக்கவேண்டிய நிலை வரும்.

எனவே கேட்கவேண்டியது ஒன்றே: பிரிக்கும்போது திரை போய்விட்டால் நட்டம் யாருடையது? நேர்மையான பல கடைகள், "ரிஸ்க் உங்களுடையது" என்று முதலிலேயே சொல்லிவிடும்; அப்படிச் சொல்லும் கடையைக் குறை சொல்ல எதுவுமில்லை. ரிஸ்க் நம்முடையதுதான் என்றால் இந்த வேலைக்கான கட்டணமும் அதற்கேற்பக் குறைவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இதோடு தொடர்புடைய இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இப்படிக் கண்ணாடி மாற்றி மறுவிற்பனை செய்யும் தொழில் இருப்பதால், உங்கள் உடைந்த திரைக்குச் சந்தையில் விலை உண்டு. முழுக் காம்போவுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பழைய திரையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருபவர்கள் இதை அறிவதில்லை. நிறுவனங்களின் சேவை மையங்கள் பழைய பாகத்தைத் தாமே வைத்துக்கொள்வது வழக்கம். வெளிக்கடையில் அதைக் கேட்டு வாங்கலாம், அல்லது அதன் விலையைக் கட்டணத்தில் கழிக்கச் சொல்லலாம்.

மென்பொருள் போடும் பூட்டு

பாகம் அசலாக இருந்து, கைவேலையும் பழுதில்லாமல் அமைந்தாலும், கைப்பேசியின் மென்பொருள் புதிய திரையை ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். இதற்கு ஐபோன்களின் வரலாறே போதுமான சான்று. வெளிக்கடையில் திரையோ முகப்புப் பொத்தானோ மாற்றப்பட்ட ஐபோன் 6 வரிசைக் கைப்பேசிகள், ஐபோனின் இயக்க மென்பொருளான ஐஓஎஸின் 9ஆம் பதிப்புக்கு மாறியபோது '53ஆம் எண் பிழை' என்று காட்டி முற்றிலும் முடங்கின. 2016 பிப்ரவரியில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் வெளியிட்டது. இது தொடர்பான வழக்கில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018இல் அந்நிறுவனத்துக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே 2018இல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது, வெளிச்சந்தைத் திரை போட்ட ஐபோன் 8கள் சிலவற்றில் தொடுதல் நின்றுபோய், 11.3.1 வந்த பிறகே மீண்டது. 2021இல் ஐபோன் 13இன் திரையை மாற்றினால் முகத்தை வைத்துப் பூட்டுத் திறக்கும் வசதி செயலிழந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ஐஓஎஸ் 15.2இல் அது சரிசெய்யப்பட்டது.

இவற்றில் கவனிக்கவேண்டியது, முதல் இரண்டு தொல்லைகளும் திரை மாற்றிய அன்று வரவில்லை என்பதாகும். கடையில் எல்லாம் சரியாக இருந்து, பல மாதங்கள் கழித்து ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்த நாளில் அவை வெளிப்பட்டன. அதனால், வெளிச்சந்தைத் திரை போட்ட கைப்பேசியில் பெரிய புதுப்பிப்பு வந்தால் உடனே நிறுவாமல், முதலில் தரவுகளைப் பத்திரமாக வேறிடத்தில் சேமித்துக்கொண்டு, சில நாட்கள் பொறுத்து நிறுவுவது நல்லது.

ஐபோன் 11 முதல், ஆப்பிள் சரிபார்க்காத திரை போட்டால் அமைப்புகளில் எச்சரிக்கை தோன்றும், ஐஓஎஸ் 15.2 முதல், 'ஜெனரல்' பிரிவில் உள்ள 'அபௌட்' பக்கத்தில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்ற வரலாறும் தெரியும். அன்றாடப் பயன்பாட்டுக்கு இது தடையில்லை. ஆயினும் பின்னாளில் கைப்பேசியை விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். சுற்றுப்புற வெளிச்சத்துக்கேற்ப நிறத்தை மாற்றும் 'ட்ரூ டோன்' வசதியும் திரை மாற்றிய பிறகு மறைந்துபோவது வழக்கம். பழைய திரையின் தகவலைக் கருவி மூலம் புதியதற்கு மாற்றி அதை மீட்கமுடியும் என்பதால், அந்தக் கருவி கடையில் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

திறக்கும்போது நேரும் சேதம்

சாம்சங்கின் பல மாடல்களில் திரையை மாற்றப் பின்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கித் திறந்து, உள்ளிருப்பவற்றை எல்லாம் கழற்றவேண்டியிருக்கிறது. ஐபோன்கள் பெரும்பாலும் முன்பக்கமாகவே திறக்கும். எப்படித் திறந்தாலும் முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கவேண்டும். அதைச் செய்யாமல் திரையின் இணைப்பை மாட்டினால் பின்விளக்குக்கான சிறு பாகம் போர்டில் (கைப்பேசியின் முதன்மை மின்சுற்றுப் பலகையில்) எரிந்துபோகலாம். நீளம் மாறிய ஒரு திருகாணி, தன் இடத்தைவிட்டு வேறு துளையில் முறுக்கப்பட்டால் போர்டின் உள்ளடுக்குகளை அறுத்துவிடும். ஐபோன் எக்ஸ் முதல் 12 வரையிலான மாடல்களில், முகத்தை அறியும் அமைப்பின் ஒரு பகுதி காதொலிப்பானோடு சேர்ந்து பழைய திரையின் பின்புறம் ஒட்டியிருக்கும். அதைப் புதிய திரைக்கு மாற்றும்போது அந்த மெல்லிய நாடா கிழிந்தால் முகமறிதல் வசதி போய்விடும்.

மாற்ற மறந்துவிடும் சிறு பொருட்களும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரின் கைப்பேசிக்குத் திரை மாற்றினோம். படம் தெளிவாக இருந்தது, தொடுதலும் சரியாக இருந்தது, மகிழ்ச்சியோடு வந்துவிட்டோம். அதன்பின் ஒரு வாரம், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றுபோவதும், அழைப்பு துண்டிக்கப்படுவதுமாக இருந்தது. காதருகே கொண்டுபோனால் திரையை அணைக்கவேண்டிய அருகாமை உணரியைச் சுற்றியிருந்த சிறு ரப்பர் வளையத்தைப் புதிய திரையில் பொருத்தாமல் விட்டுவிட்டார்கள். திரை அணையாததால் கன்னம் பட்டுப் பட்டுப் பொத்தான்கள் அழுந்திக்கொண்டிருந்தன. காதொலிப்பானின் வலைத்துண்டும் இப்படித்தான் விடுபட்டுப்போகும்.

நீர்புகாத்தன்மையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: கைப்பேசியைத் திறந்தவுடன் அது போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐபி67 என்ற தரக்குறியீடு இருந்தால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அந்தத் தாங்குதிறன் விளிம்பைச் சுற்றியுள்ள ஒட்டும் நாடாவில் இருக்கிறது. அந்த மாடலுக்கென்றே வெட்டப்பட்ட புதிய நாடாவைப் போடாமல், குழாயிலிருந்து பிதுக்கும் பி-7000 போன்ற பசையால் ஒட்டும் கடைகளே அதிகம். பசை பிடிக்கும், நீரைத் தடுக்கும் என்று சொல்லமுடியாது.

தரவும் கடவு எண்ணும்

"பின் நம்பர் சொல்லிட்டுப் போங்க, டெஸ்ட் பண்ணணும்" என்று கேட்பது கடைகளில் சாதாரணம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பழுதுபார்க்கும் கடைகளில் மடிக்கணினிகளைக் கொடுத்து, உள்ளே நடப்பதைப் பதிவுசெய்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மீட்கப்பட்ட 16 பதிவுகளில் 6 இடங்களில் பணியாளர்கள் தனிப்பட்ட கோப்புகளைப் பார்த்திருந்தார்கள், 2 இடங்களில் நகலெடுத்திருந்தார்கள். நிறுவனத்தின் சொந்த வழியில் கொடுத்தால் இந்தக் கவலை இல்லை என்றும் நினைக்கவேண்டாம்: 2016இல் அமெரிக்க மாணவி ஒருவர் ஆப்பிளிடம் கொடுத்த கைப்பேசி, அதன் ஒப்பந்த நிறுவனமான பெகட்ரானின் கலிஃபோர்னியா மையத்தில் இருந்தபோது, பணியாளர்கள் அவருடைய அந்தரங்கப் படங்களை வெளியிட்டார்கள், அந்த வழக்கில் ஆப்பிள் பெருந்தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது 2021இல் வெளியே தெரிந்தது.

திரை மாற்றத்தைச் சோதிக்கக் கடவு எண் தேவையில்லை. பூட்டிய நிலையிலேயே கேமராவைத் திறக்கலாம், அவசர அழைப்புப் பக்கத்தில் எண்களை அழுத்திப் பார்க்கலாம். மற்றதை நீங்கள் எதிரே நின்று, நீங்களே திறந்து காட்டலாம். சாம்சங் கைப்பேசிகளில் 'மெயின்டனன்ஸ் மோட்' என்றும், கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் 'ரிப்பேர் மோட்' என்றும் உள்ள வசதியை இயக்கிவிட்டால், படங்களும் செய்திகளும் மறைக்கப்பட்டு, வெற்றுக் கைப்பேசி போன்ற தோற்றம் மட்டுமே பழுதுபார்ப்பவருக்குக் கிடைக்கும். சிம் அட்டையைக் கழற்றி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் வந்து சேரும் இடம் அதுதான். தொடுதல் மட்டும் செத்து, படம் தெரிகிற ஆண்ட்ராய்டு கைப்பேசியென்றால், கைப்பேசியோடு யுஎஸ்பி கருவிகளை இணைக்க உதவும் ஓடிஜி இணைப்பியில் கணினி எலியைச் செருகித் திறந்து, தரவை வெளியே எடுத்துவிட்டுக் கொடுக்கலாம்.

ரசீதும் வாரண்டியும்

'டெஸ்டிங் வாரண்டி' என்று ஒரு கடை சொன்னால், கடையைவிட்டு வெளியே போகும்வரைதான் பொறுப்பு என்று பொருள். மூன்று மாதம், ஆறு மாதம் என்று சொன்னால், எதற்கு என்று கேளுங்கள்: தொடுதல் நின்றாலா, கோடு விழுந்தாலா, ஓரம் பெயர்ந்தாலா? பதிலை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பாகத்தின் வகை, வாரண்டி நாட்கள், ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியாக உள்ள ஐஎம்இஐ எண் ஆகிய மூன்றும் அதில் இருக்கவேண்டும். *#06# என்று அழுத்தினால் அந்த எண் தெரியும், திரை தெரியவில்லை என்றால் கைப்பேசி வந்த பெட்டியில் அச்சிட்டிருக்கும். ரசீது தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. தகராறு முற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அங்கே முதலில் கேட்கப்படும் ஆவணமும் ரசீதுதான்.

பணம் கொடுப்பதற்கு முன் பத்து நிமிடம்

புதிய திரையை ஒட்டுவதற்கு முன்பே, இணைப்பை மட்டும் மாட்டி ஒளிரவைத்துக் காட்டச் சொல்லுங்கள். மேலிருக்கும் பாதுகாப்புத் தாளைக் கிழித்துவிட்டால் மொத்த விற்பனையாளர் பாகத்தைத் திரும்ப எடுக்கமாட்டார் என்பதால், நல்ல கடைக்காரர் இதைத் தானாகவே செய்வார். ஒட்டி முடித்த பிறகு, இலவசமாக டெம்பர்டு கண்ணாடி ஒட்டித் தருகிறேன் என்றால் சோதனை முடியும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். கீறலையும் ஓர இடைவெளியையும் அது மறைத்துவிடும்.

பிறகு நிதானமாகப் பாருங்கள். சாம்சங்கில் *#0*# என்றும் ஷாவ்மியில் *#*#6484#*#* என்றும் அழுத்தினால் சோதனைப் பட்டியல் திறக்கும்; சிவப்பு, பச்சை, நீலம் என முழுத்திரை நிறங்களில் புள்ளியோ நிழலோ தெரிகிறதா என்று பார்த்து, தொடுதல் சோதனையில் விரலால் எல்லாக் கட்டங்களையும், குறிப்பாக ஓரங்களையும் மூலைகளையும், நிரப்புங்கள். இந்த வசதி இல்லாத கைப்பேசியில் ஒரு செயலியின் சின்னத்தை விரலை எடுக்காமல் திரை முழுவதும் இழுத்துச் செல்லுங்கள். இழுக்கும் வழியில் சின்னம் நழுவும் இடத்தில் தொடுதல் இல்லை. வெள்ளைப் பின்னணியில் வெளிச்சத்தை முழுவதும் ஏற்றியும் இறக்கியும் பார்த்து, ஒருவருக்கு அழைப்பு விடுத்துக் காதருகே கொண்டுபோய்த் திரை அணைகிறதா, குரல் முன்போலவே கேட்கிறதா என்று கவனியுங்கள். முன்கேமரா, கைரேகை, முகமறிதல், சார்ஜ் ஏறுதல், ஒலிவாங்கி ஆகியவற்றையும் அங்கேயே முடித்துவிட்டு, கடைசியாக விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

பசை இறுகும்வரை, குறைந்தது ஒரு நாளேனும், இறுக்கமான கால்சட்டைப் பையில் கைப்பேசியை வைக்கவேண்டாம். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள்ளும் விடவேண்டாம். அடுத்த சில வாரங்களில் திரையின் ஓரம் எங்கேனும் உயர்ந்து நின்றால் அதை விரலால் அழுத்தி உட்காரவைக்க முயலாதீர்கள். பசை விட்டிருப்பதும் காரணமாகலாம். திறக்கும்போது நெம்புகோல் பட்ட பேட்டரி வீங்கித் திரையைத் தள்ளுவதும் காரணமாகலாம், அந்த நிலையில் அழுத்தினால் தீப்பற்றும் ஆபத்து உண்டு. சார்ஜ் போடுவதை நிறுத்தி, கைப்பேசியை அணைத்து, ரசீதோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.